ஒத்து ஊதியவர்கள்

(எளாவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



லாரி ஓட்டுகிறவர்களுக்கு எளாவூர் என்றால் சோதனைச்சாவடி. ரயிலில் வருகிறவர்களுக்குக் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன நிலையம். நான் ரயிலில் வந்தேன். நிலையத்திலிருந்து நடந்து வரும் வழியில் ஒரு சுவரில் நீல எழுத்தில் விளம்பரம்: ‘பம்பை, உடுக்கை, சிலம்பு செட்.’ கீழே கைபேசி எண். யாருடைய பெயரும் இல்லை. யார் முதல், யார் துணை என்ற கணக்கும் இல்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கரகம் எடுக்க ஆள் தேடுகிறவருக்கு அது போதும். நான் அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எழுதிக்கொண்டு வந்த பேச்சின் முதல் நாலு பக்கம் அங்கேயே வேண்டாததாகிவிட்டது.

கூட வாசிக்கிறவர்களுக்கு, கூடப் பாடுகிறவர்களுக்கு நம் மொழி என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தில் அந்தப் பெயர்களைக் குறை சொல்லியிருந்தேன். சுவரில் இருந்த ‘செட்’ என்ற ஒரு சொல், நான் தேடிக்கொண்டிருந்ததை முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. இந்த வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்துக்காரர்கள் தங்கள் குழுவை ‘ஜமா’ என்பார்கள். அதுவும் அதே மாதிரிதான். வேஷம் கட்டுகிறவரும் ஜமா, முகவீணை ஊதுகிறவரும் ஜமா.

ஆனால் பொதுத்தமிழ் அப்படிப் பேசுவதில்லை. அரசியல் மேடையிலோ அலுவலகத்திலோ ஒருவரை மட்டம் தட்ட வேண்டுமானால் நாம் என்ன சொல்கிறோம்? ‘ஜால்ரா அடிக்கிறான்’ என்கிறோம். ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். ‘பின்பாட்டுப் பாடுகிறான்.’ ‘அவர் சொல்வதற்கெல்லாம் தாளம் போடுகிறான்.’ நான்கு வசவு. நான்கும் நான்கு பேருடைய பிழைப்பு. ஜால்ரா தட்டிப் பிள்ளை வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். கோயில் வேலைக்கான அறிவிப்புகளில் ‘தாளம்’ என்று தனியாக ஒரு பணியிடம் இன்றைக்கும் வருகிறது. அதில் சேர்ந்தவர் வீட்டில் ‘என்ன வேலை?’ என்று பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வார்? ‘தாளம் போடுகிறார்’ என்றுதான்.

தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிறவனைத் தம்பட்டம் அடிக்கிறான் என்கிறோம். அடுத்தவனைப் புகழ்ந்தால் ஜால்ரா. கொட்டுக்காரருக்கும் வசவு, தாளக்காரருக்கும் வசவு. நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர் மட்டும் ஒரு வசவிலும் சிக்காமல் தப்பிவிட்டார். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

முதலில் ஒத்தைப் பார்ப்போம். இங்கே இளைஞர்கள் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பார்வைக்கு நாகஸ்வரம் மாதிரியே நீளமாக இருக்கும். விரல் வைக்கும் துளைகள் கிடையாது. அடியில் மட்டும் சில துளைகள். அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதி கூட்டுவார்கள். சீவாளியை வாயில் வைத்தால் கச்சேரி முடியும் வரை ஒரே சுரம். மூச்சு விட நிறுத்த முடியாது. கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, அது வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் இழுக்க வேண்டும். நாயனக்காரருக்காவது தவில் தனி வாசிக்கும்போது வெற்றிலை போட நேரம் கிடைக்கும். ஒத்துக்காரருக்கு அதுவும் இல்லை.

இளவயதில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் வயதான ஒத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த வயதின் திமிரில், ‘ஒத்து ஊதுவதுதானே, அதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அவர் எங்க வேணா போவார், வருவார். வந்து சேர வேண்டிய இடம் நான். அவர் வெலகினா நான் கூடவே வெலகறதில்ல. நான் அங்கயே இருக்கிறதாலதான் அவர் வெலகினது ஊருக்குத் தெரியும்.”

இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஒத்து என்பது நாயனம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் கருவி இல்லை. அது அளவுகோல். நாயனம் அரைக்கால் சுருதி இறங்கினாலும் ஒத்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முகஸ்துதி செய்கிறவன் என்ன செய்வான்? தலைவர் சறுக்கினால் தானும் சறுக்குவான். ‘அதுதான் சரியான சுருதி’ என்று சத்தியம் பண்ணுவான். அப்படி ஊதினால் அவனை ஒத்துக்காரன் என்றே யாரும் கூப்பிட மாட்டார்கள். அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிடவும் மாட்டார்கள்.

ஜால்ராவும் இதே கதைதான். பாகவதர் உணர்ச்சிவசப்பட்டுக் காலத்தை இழுத்தடிப்பார். கதை சொல்லும் வேகத்தில் ஓடுவார். அவர் எங்கே ஓடினாலும் திரும்பி வந்து பிடித்துக்கொள்ள அந்த ‘ஜிங்’ இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நாம் ‘ஜால்ரா’ என்று திட்டுகிற ஆளுக்கும் நிஜ ஜால்ராக்காரருக்கும் நேர் எதிர் குணம். இவர் நகராதவர். அவன் நகர்ந்துகொண்டே இருப்பவன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒத்து ஊதினால் கேவலம், ஒத்துழைத்தால் பெருமை. வேர் ஒன்றுதான்.

இந்த ஊரில் பேசும்போது பக்கத்து மொழியை விட்டுவிட முடியாது. இங்கே பாதி வீடுகளில் தெலுங்கு. புர்ரகதை பார்த்தவர்கள் இருப்பீர்கள். நடுவில் தம்பூரா பிடித்துக் கதை சொல்பவர் ஒருவர், இரு பக்கமும் டக்கி வாசித்துக்கொண்டு இருவர். ஒருவர் நகைச்சுவை பேசுவார். இன்னொருவர் ஊர் நடப்பை, அரசியலைப் பேசுவார். அந்த இருவர் கூடச் சேர்ந்து பாடுவதற்குப் பெயர் ‘வந்த’. நம் ‘வந்த, போன’ அல்ல, தெலுங்கு ‘வந்த’. ‘வந்த பாடுகிறான்’ என்றால் தெலுங்கில் என்ன பொருள் என்று இங்கே யாரையும் கேளுங்கள். நம் பின்பாட்டுக்கு என்ன பொருளோ அதேதான்.

மேற்கே போனால் கதகளி. தலைமைப் பாடகர் பொன்னானி, கையில் சேங்கிலம். துணைப் பாடகர் சிங்கிடி, கையில் இலத்தாளம். இன்றைய மலையாளத்தில் ‘சிங்கிடி’ என்றால் பெரிய மனிதர் பின்னால் சுற்றும் அடிப்பொடி.

மூன்று மொழிகள், மூன்று வெவ்வேறு கலைகள், ஒரே வசவு. ஒருவரைப் பார்த்து மற்றவர் காப்பியடித்த மாதிரி தெரியவில்லை. காரணம் மேடையில் இல்லை, மேடைக்கு வெளியே இருக்கிறது என்பது என் கருத்து. யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார் என்று பாருங்கள். கச்சேரிக்குப் பேசுகிறவர்கள் பாடகரிடம் பேசுகிறார்கள், நாயனக்காரரிடம் பேசுகிறார்கள். அவர் தனக்கு வேண்டியவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். கூட வந்தவருக்கு அடுத்த கச்சேரி கிடைப்பது அவர் வாயில் இருக்கிறது. கேட்கிறவர்கள் இந்தக் கூலி உறவைப் பார்த்தார்கள், அதை இசையின் மேல் ஏற்றிவிட்டார்கள். பணத்துக்குக் கட்டுப்பட்டவர் இசையிலும் கட்டுப்பட்டவராகத்தான் இருப்பார் என்று முடிவுகட்டினார்கள். வசவு பிறந்த இடம் அதுதான்.

எப்போதும் இப்படி இருந்ததா? இல்லை. சங்க இலக்கியத்தில் கலைஞர்களுக்கு வரும் பெயர்களைப் பாருங்கள். துடி கொட்டியவர் துடியர். வயிர் என்ற கொம்பை ஊதியவர் வயிரியர். கோடு ஊதியவர் கோடியர். சீறியாழ் வைத்திருந்தவர் சிறுபாணர், பேரியாழ் வைத்திருந்தவர் பெரும்பாணர். சிறுமையும் பெருமையும் யாழின் அளவு, ஆளின் அளவு அல்ல. இவர்கள் எல்லோருக்கும் கருவியால் பெயர். உட்கார்ந்த இடத்தால் யாருக்கும் பெயர் இல்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு வாருங்கள். மாதவி ஆடப் போகிறாள். இளங்கோ அவளை உடனே மேடையேற்றுவதில்லை. ஆடல் கற்பித்தவர், இசையாசிரியர், பாட்டு எழுதும் புலவர், தண்ணுமைக்காரர், குழல்காரர், யாழ்க்காரர் என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி, இவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இலக்கணம் சொல்கிறார். உரைகாரர்கள் அந்தப் பகுதிகளுக்கு ‘ஆசிரியன் அமைதி’ என்று தலைப்பிட்டார்கள். தண்ணுமைக்காரரை இளங்கோ என்ன சொல்லிக் குறிக்கிறார் தெரியுமா? முதல்வன் என்கிறார். அவருடைய வேலை என்ன என்பதற்கு உரை தரும் விளக்கம், மற்றக் கருவிகளில் குறைந்த இடத்தை நிரப்ப வேண்டும், மிகுந்த இடத்தை அடக்க வேண்டும் என்பது. கூட வாசிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

அரங்கில் வாசிக்கும் முறையையும் அவர் சொல்கிறார். யாழ் குழலின் வழி போகிறது, தண்ணுமை யாழின் வழி, முழவு தண்ணுமையின் வழி. அவர் சொல் ‘வழி’. முழவுக்கு மட்டும் ‘பின்வழி’ என்கிறார், அங்கேயும் ‘வழி’ இருக்கிறது. வெறும் ‘பின்’ அல்ல, ‘பக்கம்’ அல்ல. பின்னால் போகிறவனுக்கு முன்னால் போகிறவன் முதுகுதான் தெரியும். வழியில் போகிறவனுக்கு வழி தெரியும். கூடப் பாடும் மூத்த பெண்களுக்கு அங்கே தோரிய மகளிர் என்று பெயர். ஆடி முதிர்ந்தவர்கள் அவர்கள். பாட வராததால் பின்னுக்குத் தள்ளப்பட்டவர்கள் அல்லர்.

‘பக்கம்’ எப்போது வந்தது? தஞ்சைப் பெரிய கோயிலில் 1014-ஆம் ஆண்டு வாக்கில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல் கொடுத்த விவரம் அதில் வரும். பெண்களின் பெயர், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. அதே பட்டியலில் நட்டுவம் செய்தவர், வீணை வாசித்தவர், உடுக்கை வாசித்தவர், தமிழ் பாடியவர், ஆரியம் பாடியவர் என்று வரிசையாக வருகிறது. பக்கவாத்தியர் என்ற சொல்லும் வருகிறது. அங்கே அது ஒரு பணியின் பெயர், அவ்வளவுதான். அவருக்கும் நெல், அவருக்கும் கல்லில் இடம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல் வெட்டியவருக்கு இருந்த பொறுமை, நம் சபா நோட்டீஸ் அச்சடிக்கிறவர்களுக்கு இல்லை.

அந்தச் சொல் இன்று கச்சேரி மேடையில் நிலைத்துவிட்டது. பாடகருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். பக்கத்தில் இருப்பதால் பக்கவாத்தியம். அதில் எனக்கு வருத்தமில்லை. பக்கபலம் என்ற நல்ல சொல்லும் அதே பக்கத்தில்தான் பிறந்தது. ஆனால் கடம், கஞ்சிரா, மோர்சிங் மூன்றையும் ‘உபபக்கவாத்தியம்’ என்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்துக்குப் பக்கம். தாலுகா ஆபீசுக்குக் கீழே ஒரு கிளை ஆபீஸ் திறந்த மாதிரி. விநாயக்ராம் உலகம் முழுக்கக் கொண்டுபோன கடம், நம் அழைப்பிதழில் இன்னும் கிளை ஆபீசில்தான் இருக்கிறது.

பக்கத்தில் உட்காரும் அந்த வயலின் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கத்துக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். நீங்கள் சென்னைக்குப் போகும் வழியில் எண்ணெய் ஆலைப் புகைபோக்கிகள் தெரியும் அந்த மணலிதான். முத்துசாமி தீட்சிதர் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் அங்கே வாழ்ந்தது. தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டு, அந்த அந்நியக் கருவியில் நம் ராகத்தை வாசிக்கலாம் என்று காட்டினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் வரை கொண்டுபோனார். சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் பரிசளித்தார். நேற்று வந்த கருவி அது. அடுத்த நூறு ஆண்டில் அது இல்லாமல் கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தே ஒரு சங்கீதத்தின் குரலை மாற்றிய கருவி என்று அதைச் சொல்லலாம்.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) பாடிய கச்சேரிகளுக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பெயர். ஹைகோர்ட்டிலிருந்து கடன் வாங்கிய சொல். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேரும் லயத்தில் புலிகள். எனக்கு இந்தப் பெயரில் பிடித்தது, பெஞ்சில் உட்காருகிறவர்கள் நீதிபதிகள் என்பது. பாடகர் அவர்கள் நடுவில் நின்று வழக்காட வேண்டும். எங்கே தப்பினாலும் தீர்ப்பு உடனே. நாயனாப் பிள்ளைக்குத் தன் பக்கத்தில் ஆமாம் சாமிகள் தேவைப்படவில்லை. தன்னை மடக்கக் கூடியவர்களைத் தேடி உட்காரவைத்துக்கொண்டார்.

அந்தத் தலைமுறைக்குப் பிறகு வந்தவர் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). மிருதங்கம் வாசித்த ஒருவர் சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி ஆவதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது அவர் மூலம் நடந்தது. ஒலிபெருக்கி மிருதங்கத்தின் நாதத்தைக் கெடுக்கிறது என்று, ஒலிபெருக்கி வைத்த கச்சேரிக்கு வரமாட்டேன் என்றவர். பக்கத்தில் உட்காருகிறவர் போட்ட நிபந்தனைக்கு நடுவில் உட்காருகிறவர்கள் கட்டுப்பட்டார்கள். அவரையே ஆதர்சமாக்கிப் பேசவும் நான் தயாரில்லை. பெண்களுக்கு வாசிக்க மாட்டேன் என்று நெடுங்காலம் இருந்தவரும் அவர்தான். பிற்காலத்தில் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்து அதை உடைத்தார். ‘துணை’ என்ற சொல்லில் யாருக்குத் துணை என்ற கேள்வி எப்போதும் ஒளிந்திருக்கிறது.

மணி ஐயரின் மிருதங்கத்துக்குத் தோல் கட்டிய பர்லாந்து என்ற பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் மிருதங்கம் செய்வோரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. பக்கவாத்தியத்துக்கும் பின்னால் ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம் மொழி வசவுகூட வைக்கவில்லை. பேரே வைக்கவில்லை.

ஐரோப்பாவிலும் இந்தச் சங்கடம் உண்டு. ஜெரால்ட் மூர் என்ற பியானோக்காரர் வாழ்நாள் முழுவதும் பாடகர்களுக்குக் கூட வாசித்தவர். 1943-இல் ஒரு புத்தகம் எழுதினார். வெட்கப்படாத துணைவாசிப்பாளர் என்று அதன் தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். வெட்கப்பட வேண்டியது என்று ஊர் நினைத்திருந்தால்தானே அப்படி ஒரு தலைப்பு தேவைப்படும்? 1962-இல் வந்த அவருடைய தன்வரலாற்றின் தலைப்பு, ‘நான் ரொம்பச் சத்தமாக வாசிக்கிறேனா?’ என்று ஒரு கேள்வி. அவர் 1967-இல் லண்டனில் விடைபெற்றபோது, அந்தக் காலத்தின் மூன்று பெரும் பாடகர்கள் அவருக்காக வந்து பாடினார்கள். அன்று ஒரு நாள், பாடகர்கள் அவருக்குப் பக்கம்.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். பாடகர் எடுப்பைத் தவறவிட்டால் மிருதங்கக்காரர் ஒரு தட்டுத் தட்டி இடத்தைக் காட்டிக்கொடுக்கிறார். சொல் மறந்தால் வயலின்காரர் இழுத்து மூடுகிறார். சபைக்குத் தெரியாமல் காப்பாற்றிவிடுகிறார்கள். இது ஜால்ரா இல்லையா? இல்லை என்கிறேன். கச்சேரி முடிந்து தங்கும் அறைக்குப் போன பிறகு அந்த மிருதங்கக்காரர் பாடகரிடம் என்ன பேசினார் என்பதைக் கேட்டால் உங்களுக்கும் புரியும். சபையில் மூடுவதும் அறையில் திறப்பதும் ஒரே ஆள்தான். முகஸ்துதிக்காரன் இரண்டு இடத்திலும் மூடுவான்.

வித்வான்கள் தங்களுக்குள் பேசும்போது பயன்படுத்தும் சொற்களைக் கவனித்திருக்கிறேன். ‘அவர் பாட்டுக்கு வாசிப்பவர்’ என்பார்கள். பாடகருக்கு என்று சொல்லவில்லை, பாட்டுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறது. ‘அனுசரித்து வாசித்தார்’, ‘தூக்கிக் கொடுத்தார்’, ‘இடம் விட்டார்’ என்பார்கள். இடம் விட்டார் என்பது பெரிய பாராட்டு. வாசிக்காத இடத்துக்கு ஒரு வாத்தியக்காரரைப் பாராட்டுவது!

சினிமா இந்தக் கணக்கை ஒரு தடவை மாற்றிக் காட்டியது. ‘பின்பாட்டு’ வசவாக இருந்த அதே தமிழில், திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறவருக்குப் ‘பின்னணிப் பாடகர்’ என்று பெயர் வைத்தார்கள். அதிலும் ‘பின்’ இருக்கிறது. யாரும் அதை வசவாகச் சொல்வதில்லை. திரையில் வாயசைத்தவர் மறந்துபோகிறார், பின்னால் நின்றவர் குரல் நிற்கிறது. காரணம் எளிது. இசைத்தட்டில் அவர் பெயரை அச்சடித்தார்கள், வானொலியில் அவர் பெயரைச் சொன்னார்கள். ஒரு சொல் மேலே போவதும் கீழே போவதும் அகராதியில் நடப்பதில்லை. பெயரைச் சொல்கிறோமா, விட்டுவிடுகிறோமா என்பதில் நடக்கிறது.

அதனால்தான் புதுச்சொல் உண்டாக்கும் வேலையில் எனக்கு ஆர்வமில்லை. துணையிசைஞர், இணையிசைஞர் என்றெல்லாம் சிலர் சொல்லிப் பார்க்கிறார்கள். காதில் அரசாணை மாதிரி விழுகிறது. நம் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தவில் ஆசிரியர், மிருதங்க ஆசிரியர், வயலின் ஆசிரியர் என்றுதான் பதவிப் பெயர். இளங்கோ கொடுத்த மரியாதை அது. அங்கே பள்ளிக்கூட வாசலுக்குள் பிழைத்திருக்கிறது. அதுவே போதும்.

நான் வந்த காரியம் ஒன்றே ஒன்று. இன்னும் சில மாதத்தில் ஆடி வருகிறது. உங்கள் அம்மன் கோயில் நோட்டீஸ் அச்சுக்குப் போகும். அதில் உபயதாரர் பெயர், தலைமை தாங்குபவர் பெயர், ஒலி ஒளி அமைப்பவர் பெயர், பந்தல்காரர் பெயர் எல்லாம் இருக்கும். வாத்தியத்துக்கு மட்டும் ‘பம்பை உடுக்கையுடன்’ என்று அரை வரி இருக்கும். இந்த வருடம் அந்தச் சுவரில் இருக்கும் எண்ணுக்குப் போன் பண்ணும்போது, தேதியும் தொகையும் பேசி முடித்த பிறகு ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். பம்பை யார், உடுக்கை யார், சிலம்பு யார், கூடப் பாடுகிறவர் யார் என்று. அந்த நாலு பெயரையும் நோட்டீசில் போடுங்கள். உபயதாரர் பெயருக்குப் போட்ட அதே எழுத்தளவில்.